பழைய ரெகுலேஷன்

ஏழே வாரத்தில் பட்டம் வாங்கிவிடலாம் என்றாகிவிட்ட காலத்தில், ரெனில்டா ஒரே ஒரு செமஸ்டரோடு பதினான்கு மாதமாக மாரடித்துக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடியில் அவள் குடியிருந்த தெருவில் இதைப் பேசாத வாய் இல்லை. அவளுக்கு என்ன குறை? கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பத்தொன்பது வருஷமாக லேப் உதவியாளர். வீட்டுக்காரர் ததேயு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஒரே மகள் ஜோவிட்டா பி.எஸ்சி. வேதியியல் முடித்து, அதே ஆலையில் ஷிப்ட் கெமிஸ்ட் வேலைக்கு ஆர்டரும் வாங்கிவிட்டாள்; ஒன்றாம் தேதி சேர வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டவர்களிடம், "பாதியில விட்டது உறுத்திக்கிட்டே இருக்கு" என்று சொல்லிச் சமாளிப்பாள்.

உறுத்தியது வேறு. தினமும் காலையில் ஆலையின் ஆறு குழாய்களிலும் தண்ணீர் பிடித்து, சோதித்து, அறிக்கை தயார் செய்வது அவள். அடியில் கையெழுத்துப் போடுவது வேறு ஆள். வேதியியல் பட்டதாரி கையெழுத்துப் போட்டால்தான் அந்தத் தண்ணீர் ஊருக்குள் போகும், அது சட்டம். பத்தொன்பது வருஷத்தில் ஏழு பட்டதாரிகள் வந்து போய்விட்டார்கள். அதில் இரண்டு பேருக்கு மூன்றாம் நம்பர் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே கடைசிவரை தெரியாது. அவர்கள் பேனாவைத் திறக்கும்போது காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, அதுதான் ரெனில்டாவுக்கு ஆகாது. இனி பேனாவைத் திறக்கப்போவது பெற்ற மகள். சந்தோஷம்தான், யார் இல்லை என்றது? ஆனாலும் மனசின் ஒரு ஓரம் சண்டித்தனம் செய்தது.

அவள் படிப்பு நின்றதே அந்த மகளால்தான். கல்லூரியில் மூன்றாம் வருஷம், கடைசி செமஸ்டர், ஜோவிட்டா வயிற்றில். லேபில் யாராவது அம்மோனியா பாட்டிலின் மூடியைத் தொட்டாலே போதும், ரெனில்டா வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடுவாள். அப்படி ஓடியவள் திரும்பவே இல்லை.

"அப்ப உன் டிகிரி போனதுக்கு நான்தான் காரணமா?" என்று ஜோவிட்டா கேட்பாள்.

"பின்ன, உங்கப்பாவா வாந்தி எடுத்தாரு?"

கூட்டாளியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு கதை விளங்காது. காதுக்குப் பின்னால் மிளகு அளவுக்கு ஒரு பொட்டு, கண்ணில் மெல்லிய ஒரு வில்லை. இரண்டும் சேர்ந்ததற்குக் கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது. ஜனங்கள் கூட்டாளி என்றே கூப்பிட்டார்கள். எதிரே வருகிறவர் பெயர், போக வேண்டிய பஸ், மறந்துபோன சொல், எதையும் கேட்பதற்கு முன்னே எடுத்துக் கொடுக்கும். மங்கலாகத் தெரிவதைத் தெளிவாக்கிக் காட்டும். பல்கலைக்கழகங்கள் முதலில் அதை முறைத்துப் பார்த்தன. பிறகு வழிக்கு வந்து புது ரெகுலேஷன் போட்டன: மாணவரும் கூட்டாளியும் சேர்ந்தே படிக்கலாம், சேர்ந்தே பரீட்சை எழுதலாம், எல்லாம் வீட்டிலிருந்தே. ஜோவிட்டா அப்படித்தான் முடித்தாள். செய்முறைத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.

ரெனில்டா பழைய ரெகுலேஷன். எந்த ரெகுலேஷனில் சேர்ந்தாயோ அதிலேயே முடி என்பது நம் ஊர்ப் பல்கலைக்கழகங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கம். பாதியில் விட்டவர்களுக்கும் அரியர் வைத்தவர்களுக்கும் கடைசியாக ஒரு சிறப்பு வாய்ப்பு, வகுப்பெல்லாம் ஆன்லைனில், அதற்குப் பிறகு பழைய ரெகுலேஷன் நிரந்தரமாக மூடப்படும் என்று அறிவிப்பு வந்த அன்றைக்கே அவள் விண்ணப்பித்துவிட்டாள். பழைய விதிப்படி பரீட்சையில் கூட்டாளி கூடாது.

"எம்மா, பேசாம புதுசுக்கு மாத்திக்கோயேன்," என்றாள் ஜோவிட்டா. "ஒரு ஃபாரம்தான். ஏழு வாரத்துல முடிச்சிரலாம்."

"மாத்துனா பழைய மார்க்கெல்லாம் என்னாவும்?"

"கேன்சல் ஆயிரும். அதை இனி யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்லா. ரெண்டாம் வருஷம் இயற்பிய வேதியியல்ல தொண்ணூத்தி நாலு வாங்குனவ நான். அது என் மண்டையில இருந்து வந்தது. அதைப் போயி ஒரு ஃபாரத்துல அழிக்கச் சொல்லுத."

அதுவரை தானும் போட்டிருந்த கூட்டாளியை மறுநாளே கழற்றி வைத்துவிட்டாள். வேலை நேரத்தில் கட்டாயம் என்று ஆலையில் மறுத்தார்கள். சண்டை போட்டு, எழுத்தில் அனுமதி வாங்கினாள். அதன் பிறகுதான் தன் தலைக்குள் எவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. முதல் மாதம் ஒரு பக்கம் படித்தால், அடுத்த பக்கம் திருப்புவதற்குள் முந்தையது போய்விடும். பக்கத்து வீட்டுக்காரி பெயர் மறந்துபோய், ஒரு வாரம் "இந்தா, இங்க பாரு" என்றே கூப்பிட்டாள். திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறித் திருநெல்வேலிக்கு டிக்கெட் கேட்டாள். ததேயுவின் பிறந்தநாளைச் சுத்தமாக மறந்துவிட்டாள். அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் பழைய ரெகுலேஷன்ல நானும் ஒரு அரியர்தான் போல" என்றார்.

அழுகையாக வந்தது. ஆனாலும் விடவில்லை. தினமும் விடிகாலை இரண்டு மணிநேரம், ஆலையிலிருந்து வந்து இரண்டு மணிநேரம். பாடமெல்லாம் அவள் காலத்து வீடியோக்கள். பேராசிரியர் குற்றாலிங்கம் என்பவர் கறுகறுவென்ற மீசையோடு கரும்பலகை முன்னால் நின்று பாடம் நடத்துவார். ஒரே சமன்பாட்டை அவரை ஒன்பது தடவை எழுத வைத்துப் பார்த்திருக்கிறாள். நாலாவது மாதம் ஒருநாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, யாரும் எடுத்துக் கொடுக்காமல் அந்தச் சமன்பாடு முழுசாகத் தலைக்குள் வந்து நின்றது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, வெயிலில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வந்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

எழுத்துத் தேர்வு நான்கிலும் பாஸ். ஒன்றில் நாற்பத்தொன்று. ததேயு மூன்று பெட்டி மக்ரூன் வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தார். எத்தனை மார்க் என்று கேட்டவர்களிடம் நாற்பத்தொன்று என்பதை நூற்றுக்கு நூறு மாதிரி சொன்னார்.

மிச்சம் இருந்தது செய்முறைத் தேர்வு மட்டும். அதற்குப் பல்கலைக்கழகம் ஒரு பெட்டி அனுப்பியது. பியூரெட், பிப்பெட், குடுவை, சீல் வைத்த இரண்டு பாட்டில்கள். புது ரெகுலேஷன் பிள்ளைகளுக்குப் போகும் அதே பெட்டிதான். ஒரே ஒரு பழைய மாணவிக்காகத் தனியாக யார் பெட்டி கட்டுவார்கள்? ஜோவிட்டா அட்டையைப் பார்த்ததும் சிரித்தாள்.

"எம்மா, எனக்கு வந்த அதே பேட்ச். ஹைப்போ டைட்ரேஷன். இருபது புள்ளி நா..."

"வாயை மூடுட்டி."

"...லு. எல்லாருக்கும் அதான் வந்துச்சு."

"சொல்லிட்டியே."

"நல்லதுக்குத்தானம்மா சொன்னேன்."

நல்லதுக்குத்தான். கேள்வியைக் காதில் போடுவதும், பக்கத்து மேஜைக்கு ரீடிங்கைக் கிசுகிசுப்பதும் நம் ஊரில் பாவமே இல்லை, பாசம். ரெனில்டா காதைப் பொத்தியிருக்கலாம், ஆனால் கேட்டது கேட்டதுதான். 20.4 அவள் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எது எதுவோ மறந்துபோன அந்த மண்டை, இதை மட்டும் மறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு. ததேயு டூட்டிக்குப் போய்விட்டார். ஜோவிட்டா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் பாட்டுப் போட்டுக்கொண்டாள். கூடத்தில் சாப்பாட்டு மேஜைமேல் பியூரெட் நின்றது. எதிரே கேமராவும் திரையும். திரையில் பேராசிரியர் குற்றாலிங்கம் தோன்றினார். வீடியோவில் பார்த்த மீசை முழுக்க வெளுத்துவிட்டது, தலை வழுக்கை. தேர்வாளரும் கூட்டாளி இல்லாமல் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அதற்காகவே எங்கோ தேடிப் பிடித்து வாங்கிய மூக்குக்கண்ணாடி அவர் மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது.

"ரெனில்டா, இந்த ரெகுலேஷன்ல கடைசி மாணவி நீங்கதான்," என்றார். "உங்களோட இதைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துடுவாங்க. ஆரம்பிங்கம்மா."

வேலை எளியதுதான். பாட்டில் ஏ-யில் ஆரஞ்சு நிறக் கரைசல், அதன் வலிமை தெரியும். பாட்டில் பி-யில் ஹைப்போ என்கிற நிறமில்லாத உப்புக் கரைசல், அதன் வலிமையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏ-யில் இருபது மில்லி எடுத்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, மேலே பியூரெட்டிலிருந்து ஹைப்போவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குடுவைக்குள் கருநீலமாக இருப்பது எந்தச் சொட்டில் வெளிறிய பச்சையாகிறதோ, அங்கே நிறுத்தி அளவைப் படிக்க வேண்டும். ஆலையில் கருவிகள் வருவதற்கு முன்னால் இதே மாதிரி ஆயிரம் தடவை செய்தவள் அவள்.

20.4-ல் நிறுத்திப் பார்த்தாள். அடர்ந்த நீலம். இன்னும் விட்டாள். 21. 22. நீலம் அசையவில்லை. 23.1-ல் ஒரே சொட்டில் சட்டென்று பச்சையானது.

குடுவையைக் கழுவிவிட்டு மறுபடி செய்தாள். 23.1. மூன்றாவது தடவையும் 23.1. வாயைத் திறந்து சொன்னாள்.

பேராசிரியர் கையில் இருந்த உறையைப் பிரித்தார், விடைக்குறிப்பைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"இன்னொரு தடவை செஞ்சு பாருங்கம்மா. நேரம் இருக்கு. இருபதை ஒட்டி வருதான்னு பாருங்க."

நம் கல்லூரி லேபில் நின்றவர்கள் எல்லாருக்கும் இந்தப் பேச்சின் அர்த்தம் தெரியும். நல்ல மனசுள்ள தேர்வாளர்கள் காலம்காலமாகச் சொல்லிவருவது இது. செய்து பார் என்றால், எழுதும்போது பார்த்து எழுது என்று அர்த்தம். ரெனில்டா அர்த்தம் புரியாதவள் மாதிரி நாலாவது தடவையும் செய்தாள்.

"23.1 சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அம்மா, அஞ்சு சதவீதத்துக்கு மேல பிழைன்னா ரிசல்ட்டுக்கு மார்க் கிடையாது. அறுபது மார்க் அப்படியே போயிடும். பாஸ் ஆகாது. இனிமே சிறப்பு வாய்ப்பும் வராது. நானும் அந்தக் காலத்துல பக்கத்து மேஜையைப் பார்த்து ரீடிங்கை அட்ஜஸ்ட் பண்ணவன்தான். இப்ப நான் கண்ணாடியைத் துடைக்கப் போறேன். நீங்க நோட்டுல எழுதிட்டுச் சொல்லுங்க."

அவர் நிஜமாகவே கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பேனா அவள் கையில் இருந்தது. எண்ணும் அவளுக்குத் தெரியும். இரண்டு, பூஜ்யம், புள்ளி, நாலு. எழுத ஒரு நொடி ஆகாது. எழுதினால் திங்கட்கிழமையே பட்டதாரி. பதினான்கு மாதத்தையும் பஸ்ஸில் தலைக்குள் வந்து நின்ற சமன்பாட்டையும் நினைத்தாள். இந்த ஒரு எண்ணைத் திருடி எழுதிவிட்டால், அதெல்லாம்கூடத் தன்னுடையது என்று சொல்ல முடியாது.

"சார், கண்ணாடியைப் போட்டுக்கிடுங்க," என்றாள். "கை தப்புன்னா தப்புன்னே போடுங்க. ஆனா கை தப்பில்லைன்னு தோணுது. பாட்டில்தான் கெட்டுப்போயிருக்கு."

பி பாட்டிலைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்து, மெல்லச் சாய்த்தாள். அடியில் திருநீற்றைத் தூவினாற்போல் லேசான வெள்ளைப் பொடி.

"கந்தகம், சார். ஹைப்போ வெயில்ல கிடந்தா இப்படித்தான் வெள்ளையாப் பிரியும். பெட்டி கட்டுன தேதியைப் பாருங்க, ரெண்டு வருஷம் ஆவுது. எங்க ஆலையில மாசத்துக்கு ஒருக்க புதுசா கலக்கணும்னு நான் சண்டை போடுவேன். வலிமை குறைஞ்சா அதிகமா ஊத்த வேண்டியிருக்கும்லா. அதான் 23.1."

பேராசிரியர் முகத்தைத் திரையோடு ஒட்டவைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க சொல்றது நியாயமாத்தான் இருக்கு," என்றார். "ஆனா இதே பேட்ச் பெட்டியில போன செமஸ்டர்ல, ரெண்டு மாசத்துக்கு முன்னாலதான், ஆயிரத்து நூத்தி நாப்பது பேர் செஞ்சாங்க. அத்தனை பேருக்கும் 20.4 வந்திருக்கே."

"அவங்க கூட்டாளியோட செஞ்சவங்க, சார்."

"அதனால?"

"கூட்டாளி மங்கலா இருக்கதைத் தெளிவாக்கிக் காட்டும். எதை வச்சுத் தெளிவாக்கும்? என்ன வரணும்னு அதுக்குத் தெரியுமோ, அதை வச்சுத்தான். பெட்டிமேல போட்டிருக்க பேட்ச் நம்பரை வச்சு ஹைப்போவோட வலிமையைத் தேடி எடுத்திருக்கும். 20.4-ல நிறம் மாறணும்னு கணக்குப் போட்டிருக்கும். அந்த இடம் வந்ததும் நீலத்தைப் பச்சைன்னு கண்ணுக்குக் காட்டிருக்கும். பிள்ளைங்க பொய் எழுதல சார். நாம தெரிஞ்சு அட்ஜஸ்ட் பண்ணுனோம். அவங்களுக்குத் தெரியாமலே நடந்திருக்கு."

அவர் விடைக்குறிப்பை உறைக்குள் திரும்பச் செருகினார். பிறகு மெதுவான குரலில், "அந்த ஆயிரத்து நூத்தி நாப்பதையும் திருத்தினவன் நான்தான். இப்படி ஒரு அருமையான பேட்சை என் சர்வீஸ்ல பார்த்ததில்லைன்னு பாராட்டி லெட்டர் வேற எழுதிக் கொடுத்தேன்," என்றார்.

அப்போதுதான் ரெனில்டாவுக்குத் தான் என்ன பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. அந்த ஆயிரத்து நூற்று நாற்பதில் ஒன்று, சாத்திய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அவள் ரீடிங் சரியென்றால் மகளின் ரீடிங் பொய். மார்க் போகும், பட்டம் போகும், ஒன்றாம் தேதி வேலையும் போகும்.

"ஒரு விதி இருக்கு," என்று பேராசிரியர் காகிதங்களைப் புரட்டினார். "தேர்வாளருக்கும் மாணவருக்கும் கருத்து வேறுபாடு வந்தா, ரெண்டாவது ஆள் ஒருத்தர் என் கண்முன்னால அதைச் செய்யணும். உங்க ரீடிங் அவங்களுக்குத் தெரியக்கூடாது. அவங்களும் கூட்டாளி இல்லாம செய்யணும். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா நான் விடைக்குறிப்பை ஒதுக்கிட்டு மார்க் போடலாம். அதுவரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினா தேர்வு ரத்து. பக்கத்துல வேதியியல் படிச்சவங்க யாராவது இருக்காங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். தோற்றுவிட்டு எழுந்துபோய் மகளுக்கு மீன்குழம்பு வைக்கலாம். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள் என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் ஒன்றாம் தேதி முதல் ஆறு குழாய்த் தண்ணீருக்கும் கையெழுத்துப் போடப்போகிற கண்கள் அவை. ஒருநாள் நிஜமாகவே தண்ணீர் கெட்டுப்போனால், நல்ல தண்ணீர் என்றுதான் கூட்டாளி அந்தக் கண்களுக்குக் காட்டும். அதைக் குடிக்கப்போவது ஊர்.

"இருக்கா, சார். என் மக," என்றாள். "சொந்தக்காரங்க செய்யலாமா?"

"விதியில கூடாதுன்னு இல்லை. கேமரா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கு. கூப்பிடுங்க."

கதவைத் தட்டிக் கூப்பிட்டதுதான் அவள் கடைசியாகப் பேசியது. ஜோவிட்டா வந்தாள். பேராசிரியர் அவளிடம் விதியைச் சொன்னார். சண்டை என்ன, ரீடிங் என்ன என்பதைச் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து ஏதோ தகராறு என்று மட்டும் அவள் புரிந்துகொண்டாள். காதுக்குப் பின்னாலிருந்த பொட்டைக் கிள்ளி எடுத்தாள், கண்ணிலிருந்த வில்லையை எடுத்தாள், இரண்டையும் கேமராவுக்குக் காட்டிவிட்டுச் சாஸரில் போட்டாள். பத்து வயதிலிருந்து அவள் கண்ணில் இருந்தது அது. கூடத்தைச் சுற்றிப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

பார்க்கச் சகிக்கவில்லை. பட்டதாரிதான், ஆனால் பியூரெட்டில் கோடு எங்கே, எண் எங்கே என்று தேடினாள். பிப்பெட்டில் கரைசல் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. முதல் தடவை பியூரெட்டின் குழாயை அதிகமாகத் திறந்துவிட்டதில், எல்லாம் ஒரேயடியாகப் பாய்ந்து பாழாய்ப்போனது. ரெனில்டா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கையை விட்டால் போய்ப் பியூரெட்டைப் பிடித்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

இரண்டாவது தடவை ஜோவிட்டா நிதானமாகச் செய்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொட்டாக. 20.4-ல் தானாக நிறுத்தினாள். குடுவையைத் தூக்கிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். கீழே ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பார்த்தாள்.

"நீலமாத்தான் இருக்கு," என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ரெனில்டா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணைப் பார்த்தால் அதுவே பேச்சாகிவிடும்.

"நான் பாத்தேன்ம்மா. அன்னைக்கு இதே இடத்துல பச்சையாச்சு. என் கண்ணால பாத்தேன்."

அவள் கெட்டிக்காரி. ஏழு வாரத்தில் படித்தாலும் பெற்றவளின் மண்டை பாதியாவது அவளுக்கு இருந்தது. பி பாட்டிலை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள், அட்டையில் இருந்த தேதியைப் படித்தாள், சாஸரில் கிடந்த வில்லையை ஒரு பார்வை பார்த்தாள். அவள் முகம் மாறியது. இங்கேயே நிறுத்திவிட்டு 20.4 என்று சொன்னால் தன் பட்டம் பிழைக்கும், அம்மாவின் பட்டம் போகும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டதை ரெனில்டா பார்த்தாள்.

ஜோவிட்டா மறுபடியும் குழாயைத் திறந்தாள்.

21. 22. இடையில் ஒருமுறை நிறுத்திப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி சொட்டு. பச்சையானதும் குனிந்து, கோடுகளை ஒன்றொன்றாக வாய்விட்டு எண்ணினாள்.

"23.2, சார். கடைசியில ஒரு சொட்டு கூடிப்போச்சு. இன்னொருக்க செய்யுதேன்."

இன்னொரு தடவை செய்தாள்.

"23.1."

பேராசிரியர் எழுதிக்கொண்டார். பேனா காகிதத்தில் ஓடும் சத்தம்கூடக் கேட்டது. "ஒத்துப்போகுது. ரொம்ப நன்றிம்மா. ரெண்டாவது ஆளா உங்க பேர் மட்டும் வேணும்."

"ஜோவிட்டா. தகப்பனார் பேரு ததேயு." ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் தொடர்ந்தாள். "பி.எஸ்சி. வேதியியல், புது ரெகுலேஷன், போன செமஸ்டர். என் ரிஜிஸ்டர் நம்பரையும் எழுதிக்கிடுங்க, சார்."

"அது தேவையில்லைம்மா. பேர் போதும்."

"தேவை இருக்கு, சார். இதே பேட்ச் பெட்டியில நானும் பரீட்சை எழுதுனேன். 20.4-ன்னு போட்டு தொண்ணூத்தொம்பது மார்க் வாங்குனேன். அது தப்பு. ஒண்ணாம் தேதி அதை வச்சு வேலையில சேரப் போறேன், தண்ணிக்குக் கையெழுத்துப் போடுத வேலை. சேர மாட்டேன். முதல்ல என்னோடதைக் கேன்சல் பண்ணுங்க."

ரெனில்டா வாயைத் திறந்துவிட்டாள். உதட்டை இறுகக் கடித்தாள். பேராசிரியர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று குனிந்து காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"சொல்லுங்கம்மா," என்றார் ஜோவிட்டாவிடம். "நம்பரைச் சொல்லுங்க."

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். பன்னிரண்டு எண்கள். எடுத்துக் கொடுக்கக் கூட்டாளி இல்லை. எட்டாவது எண்ணில் தடுமாறி, முதலிலிருந்து மறுபடி சொல்லிச் சரியாக முடித்தாள். பேராசிரியர் எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்கும் மறுதேர்வு வைக்கச் சொல்லி இன்றைக்கே எழுதப்போவதாகவும், தன் பாராட்டுக் கடிதத்தைத் திரும்பப் பெறப்போவதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கூச்சமும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

பிறகு இன்னொரு காகிதத்தை எடுத்துக் கேமராவுக்கு நேரே பிடித்தார். "ரிசல்ட்டுக்கு அறுபதுக்கு அறுபது. செய்முறைக்கு முப்பத்தாறு. மொத்தம் தொண்ணூத்தாறு. தேர்வு முடிஞ்சுது, ரெனில்டா. நீங்க பட்டதாரி. இப்ப பேசலாம்."

பதினான்கு மாதமாக இந்த நிமிஷத்துக்கு என்று எத்தனையோ பேச்சைச் சேர்த்து வைத்திருந்தாள். அதில் ஒன்றையும் எடுக்காமல் மகள் பக்கம் திரும்பினாள். ஜோவிட்டா நாற்காலியில் உட்கார்ந்து, கையெல்லாம் கறையாக, குழாயைச் சரியாக மூடத் தெரியாமல் மூடிக்கொண்டிருந்தாள். ரெனில்டா போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"சார், இவ என் மக."

"முதல்லயே சொன்னீங்களேம்மா."

"அது அப்ப சொன்னது, சார்," என்றாள் ரெனில்டா. "இப்ப சொல்லுதது வேற."